திருப்பி அனுப்பிய வண்டிகளின் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறிய கார் பட்டறைகளை நவீனமாக்க அரசு உதவ வேண்டும் என்ற பேச்சு எப்போது வந்தாலும், கடைசியில் அது என்ன மெஷின் வாங்கித் தரலாம், அதற்கு எத்தனை சதவீதம் மானியம் என்ற இடத்தில்தான் போய் நிற்கிறது. 28 வருடமாக வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். கடிதம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கினால் இதுவும் 'மானியம் கொடுங்கள்' என்ற ஒரு வரியாகத்தான் போய்ச் சேரும், நான் சொல்ல வந்தது அது இல்லை.

போன வருடம் பட்டறையில் புதிதாக ஒரு நோட்டு போட்டேன். வேலைக்கு வரும் வண்டிகளை எழுத எப்போதும் ஒரு நோட்டு உண்டு, இது வேறு. நம்மால் முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற வண்டிகளை எழுதுவதற்கு. என்ன வண்டி, எந்த வருட மாடல், என்ன கோளாறு, ஏன் அனுப்பினோம் என்று நாலு கட்டம். கடைசிக் கட்டத்தில் 'மெஷின் இல்லை' என்றுதான் நிறைய வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. 'வயரிங் படம் கிடைக்கவில்லை', 'புது மாட்யூல் (எலக்ட்ரானிக் பெட்டி) போட்டோம், வண்டி அதை ஏற்கவில்லை, அதை வண்டியோடு சேர்க்கும் கோடிங் செய்ய வழி இல்லை', 'கோளாறு படிக்கும் ஸ்கேனரை வண்டி உள்ளே விடவில்லை', 'மின்சார வண்டி, தொடத் தெரியாது' என்று இப்படித்தான் பக்கத்துக்குப் பக்கம். லிஃப்ட் இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பிய வண்டி ஒன்றுகூட இல்லை. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டு கொடுத்துச் சமாளித்துவிடுகிறோம். முதுகு போகிறது, ஆனாலும் வேலை நடக்கிறது.

நான் வேலை கற்றுக்கொண்டது கார்பரேட்டர் காலத்தின் கடைசியில். பாயின்ட் இடைவெளிக்கு ஃபீலர் கேஜ், டைமிங் பார்க்க ஒரு விளக்கு, மற்றபடி காதும் மூக்கும் கைவிரலும்தான். சைலன்சரில் வரும் புகையின் நிறத்தை வைத்தே கலவை சரியா தப்பா என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்லிவிடுவார். அவருக்குப் புத்தகம் தேவைப்படவில்லை, ஏனென்றால் அன்றைய வண்டியில் எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தது, கழற்றினால் புரிந்தது. இன்றைய வண்டியைக் கழற்றிப் பார்த்தாலும் புரியாது. 1986-ல் பாஷ் நிறுவனம் கேன் என்ற தகவல் தடத்தை அறிமுகப்படுத்திய பிறகு, வண்டியின் உறுப்புகள் மெல்ல மெல்ல ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன. என்ஜினுக்கு ஒரு கன்ட்ரோல் யூனிட், பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று, கதவுக்குக்கூட ஒன்று. இவற்றுக்கு நடுவே முறுக்கிக்கொண்டு ஓடும் இரண்டு வயர். சக்கரத்தில் இருக்கும் சின்ன ஸ்பீடு சென்சார் ஒன்று கெட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், கூடவே வழுக்கல் தடுப்பு விளக்கு எரியும், சில வண்டிகளில் ஸ்பீடாமீட்டரே படுத்துவிடும். வண்டிக்காரர் 'மூன்று கோளாறு' என்று சொல்லிக்கொண்டு வருவார். கோளாறு ஒன்றுதான்.

அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2, அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டு சொல்கிற ஏற்பாடு, கட்டாயம் ஆனது. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-லும் டீசலுக்கு 2004-லும் வந்தது. ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் 16 பின் சாக்கெட் அதுதான். எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்கு அது பெரிய உபகாரம், எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஒரே ஸ்கேனரில் கோளாறைக் குறிக்கும் எண்ணை, நாங்கள் 'கோடு' (code) என்போம், படிக்கலாம் என்றானது. ஆனால் அந்தக் கட்டாயம் புகை சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் அந்தந்தக் கம்பெனியின் இஷ்டம். இதைத் தெரிந்துகொள்ளாமல் 'ஒரு ஸ்கேனர் கொடுத்தால் பட்டறை நவீனமாகிவிடும்' என்று நினைப்பதுதான் முதல் தப்பு.

ஸ்கேனர் என்றால் என்ன, அதனால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன். ஐடிலிங்கில் லேசாக உதறல், செக் என்ஜின் விளக்கு எரிகிறது. வேறு இரண்டு இடத்தில் பார்த்து, செலவும் செய்து, நொந்துபோய் வந்தவர். ஸ்கேனரில் பி0171 என்று காட்டியது. கலவை மெலிந்திருக்கிறது, அதாவது பெட்ரோலுக்கு மிஞ்சிய காற்று, அவ்வளவுதான் அதன் பொருள். எந்தப் பார்ட்ஸ் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. முதலில் பார்த்த இடத்தில் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றியிருந்தார்கள், இரண்டாவது இடத்தில் ஏர் ஃப்ளோ சென்சாரை. இரண்டும் புதுசு, பளபளவென்று இருந்தன, விளக்கு மட்டும் அணையவில்லை. நாங்கள் வண்டியை ஓடவிட்டு ஃப்யூல் ட்ரிம், அதாவது வண்டி தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற அளவு, பார்த்தோம். ஐடிலிங்கில் 24 சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தது, ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றில் பிடித்தால் அது 5-க்கு இறங்கியது. இப்படி இறங்கினால் காற்று அளவுக் கருவியைத் தாண்டி வேறு வழியாக எங்கேயோ காற்று உள்ளே புகுகிறது என்று அர்த்தம், ஏனென்றால் ஐடிலிங்கில் உறிஞ்சும் வேகம் அதிகம், சின்ன ஓட்டையும் பெரிதாகத் தெரியும். மேனிஃபோல்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினேன். சுண்டுவிரல் பருமனில் ஒரு வேக்குவம் ஹோஸ், வளையும் இடத்தில், அடிப்பக்கத்தில் வெடித்திருந்தது. மேலே இருந்து டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாது, விரலில்தான் பட்டது. ஒரு சாண் ரப்பர் குழாய், வேலை முடிந்தது.

கவனியுங்கள், ஸ்கேனர் மூன்று இடத்திலும் இருந்தது. முதல் இரண்டு இடத்தில் இருந்தவர்களும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, கோடைப் படித்துத் தெரிந்த அளவுக்குச் செய்தார்கள். எனக்கு ஃப்யூல் ட்ரிம் படிக்கத் தெரிந்தது ஒரு மூன்று நாள் வகுப்புக்குப் போனதால். அந்த மூன்று நாளும் பட்டறை பூட்டிக் கிடந்தது, பையன்களுக்குக் கூலி கொடுத்தேன், வந்த வண்டிகள் வேறு இடம் போயின. வகுப்பு இலவசம்தான், ஆனால் எனக்கு இலவசமாக இல்லை.

அதனால் பயிற்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர், மூன்று பேர் வேலை செய்கிற பட்டறையில் ஒரு ஆள் வகுப்புக்குப் போனால் பாதிப் பட்டறை போன மாதிரி. தினம் வேலை நடந்தால்தான் தினம் வரும்படி. 'பயிற்சி நடத்தினோம், யாரும் வரவில்லை, இவர்களுக்கு ஆர்வம் இல்லை' என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஆர்வம் இல்லாமல் இல்லை, போனால் அன்றைய அடுப்பு எரியாது. பயிற்சிக்குப் போகும் நாட்களுக்கு மெக்கானிக்குக்கு நாள் கூலி கொடுங்கள், அதற்கப்புறம் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். மெஷினுக்கு ஒதுக்கும் தொகையில் சின்னப் பங்கு போதும். வகுப்பும் பெரிய ஹாலில் புரொஜெக்டர் போட்டு நடத்துவதாக இருக்க வேண்டாம். கோளாறோடு ஒரு வண்டியை நிறுத்தி, ஆறு பேரைச் சுற்றி நிற்கவைத்து, கையில் மீட்டரைக் கொடுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த 16 பின் சாக்கெட்டில் 6-வது பின்னுக்கும் 14-வது பின்னுக்கும் நடுவே ஓம் பார்த்தால் பல வண்டிகளில் 60 காட்ட வேண்டும். கேன் தடத்தின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து 60. 120 காட்டினால் தடத்தில் எங்கேயோ அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதைக் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் போதும், வேண்டிய கருவி ஏற்கெனவே எல்லாப் பட்டறையிலும் இருக்கிற சாதாரண மல்டிமீட்டர். இது தெரியாததால் நல்ல கன்ட்ரோல் யூனிட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

மொழியும் ஒரு விஷயம். எங்களில் நிறையப் பேர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். ஆனால் ஒரு பியரிங் சத்தத்தைக் கேட்டு எந்தச் சக்கரம் என்று சொல்லக்கூடியவர்கள். சர்வீஸ் மேனுவல் அவர்கள் படிக்கிற மொழியில் இல்லை. தமிழில் வயரிங் படம் படிப்பது எப்படி என்று ஒழுங்கான ஒரு புத்தகமோ வீடியோ வரிசையோ அரசு செலவில் வந்தால், அது நூறு மெஷினுக்குச் சமம் என்று நான் மனதாரச் சொல்வேன். சொற்களை மொழிபெயர்க்கிறேன் என்று யாருக்கும் தெரியாத சொல்லாகப் போட வேண்டாம், ரிலேயை ரிலே என்றே எழுதுங்கள், விளக்கம் தமிழில் இருக்கட்டும்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் உதவித் திட்டத்தில் வாங்கிய நல்ல ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. இப்போது அது அலமாரிக்கு மேலே, துணி போர்த்தி. கெட்டுப்போகவில்லை. வாங்கியபோது ஒரு வருட அப்டேட் சேர்ந்து வந்தது, அதற்கப்புறம் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும், கட்ட முடியவில்லை, நின்றுவிட்டது. புது மாடல் வண்டியில் சொருகினால் அந்த மாடல் பெயரே பட்டியலில் வராது. திட்டத்தின் கணக்கில் அந்தப் பட்டறை நவீனமாகிவிட்டது, பயனாளி எண்ணிக்கையில் ஒன்று கூடிவிட்டது. இன்றைக்கு ஸ்கேனர் என்பது ஸ்பேனர் மாதிரி ஒரு தடவை வாங்கிப் பெட்டியில் போடுகிற சாமான் இல்லை, பத்திரிகைச் சந்தா மாதிரி. மானியம் கொடுப்பதானால் மெஷின் விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாவது ஐந்து வருட அப்டேட்டுக்குச் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பணம் மெஷின் விற்கிறவருக்குக் கொடுத்த மானியம்தான்.

அப்டேட் கட்டினாலும் கதவு திறக்குமா என்றால், அதுதான் இல்லை. இந்தக் கடிதத்தில் முக்கியமாக நான் சொல்ல வந்தது இதுதான். 2018 வாக்கிலிருந்து சில கம்பெனிகளின் வண்டிகளில் பாதுகாப்பு கேட்வே என்று ஒன்று வைக்கிறார்கள். வெளி ஸ்கேனர் கோடைப் படிக்கலாம், ஆனால் அழிக்கவோ, ஒரு பாகத்தை இயக்கிப் பார்க்கவோ, புதுப் பாகத்தை வண்டிக்கு அறிமுகப்படுத்தவோ கம்பெனியின் அனுமதி வேண்டும். பின் சக்கரத்தில் எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் இருக்கும் பல வண்டிகளில் பிரேக் பேட் மாற்றக்கூட முதலில் ஸ்கேனர் வழியாக மோட்டாரைப் பின்னுக்கு இழுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேட் மாற்றுவது என்பது கற்றுக்கொள்ள வந்த பையனுக்கு மூன்றாவது மாதத்தில் கொடுக்கிற வேலை, ஐயா. அதற்கு இன்று அனுமதி வேண்டும்.

இதற்கு எந்த மெஷினும் பதில் இல்லை, சட்டம்தான் பதில். இதைக் கனவாகச் சொல்லவில்லை, நடந்திருக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-ல் சட்டம் கொண்டுவந்தது, கார் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்குக் கொடுக்கிற பழுதுபார்ப்புத் தகவலையும் கருவியையும் நியாயமான விலையில் வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று. 2014-ல் அதே அடிப்படையில் அந்த நாடு முழுமைக்கும் ஒரு ஒப்பந்தம் வந்தது. வண்டிகள் வயர்லெஸில் கம்பெனிக்கு நேராகத் தகவல் அனுப்ப ஆரம்பித்ததும், அதுவும் தங்களுக்கு வேண்டும் என்று 2020-ல் அந்த மாநில மக்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-ன் விதியும் அப்புறம் 2018-ன் விதியும் இதையே பேசுகின்றன. தென்னாப்பிரிக்காவில் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலை 1 முதல் கார் கம்பெனிகள் சர்வீஸ் தகவலை எல்லாப் பட்டறைகளுக்கும் விற்றே ஆக வேண்டும். இந்தியாவிலும் 2014-ல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது, காரணம் உதிரி பாகமும் சோதனைக் கருவியும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததுதான். ஆக, எந்த அரசும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கஜானாவிலிருந்து பெரிதாகச் செலவும் இல்லை.

திருட்டு பயம் இருக்கிறதே என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். சாவி கோடிங், சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளம்பவிடாத இம்மொபைலைசர் இவற்றை எல்லோருக்கும் திறந்துவிட்டால் வண்டி காணாமல் போகும், நானே ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஐரோப்பாவில் செர்மி என்ற ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். பட்டறையையும் அதில் அந்த வேலையைச் செய்யும் ஆளையும் விசாரித்து, பதிவு செய்து, அவருக்கு மட்டும் டிஜிட்டல் சான்று கொடுக்கிறார்கள். யார், எந்த வண்டியில், எப்போது உள்ளே போனார் என்று தடயம் இருக்கும். எங்களை விசாரியுங்கள், கைரேகை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் 'பாதுகாப்பு' என்று சொல்லி பிரேக் பேடுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தாதீர்கள்.

அப்புறம் உண்மையிலேயே மெஷின் வேண்டிய இடங்களும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. முன் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கும் வண்டியில் கண்ணாடி மாற்றினால் பெரும்பாலும் அந்தக் கேமராவை மறுபடி கேலிபரேட் செய்ய, அதாவது அதன் பார்வையை அளந்து சரிசெய்ய வேண்டும். அதற்குச் சமதளமான தரை, அளந்து வைத்த இலக்குப் பலகை, சரியான வெளிச்சம், வண்டியைச் சுற்றி நிறைய இடம் வேண்டும். டிகிரியில் சின்னத் தப்பு வந்தாலும் தூரத்தில் அது பக்கத்து லேனாக மாறிவிடும். இதை ஒவ்வொரு சின்னப் பட்டறையும் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு இரண்டு வண்டி வந்தால் அதிகம். டீசலை என்ஜினுக்குள் பீச்சும் காமன் ரெயில் இன்ஜெக்டரைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சும் அப்படித்தான், 2,000 பார் அழுத்தத்தில் வேலை செய்யும் சாமான், தூசு இல்லாத அறை வேண்டும். இவை பொதுவாக இருக்க வேண்டியவை. இருபது முப்பது பட்டறைக்கு ஒரு மையம், நேரம் பதிவு செய்துவிட்டு வண்டியைக் கொண்டுபோய் நாமே செய்துவிட்டு வருகிற மாதிரி.

கானாவில் குமாசி நகரத்தில் சுவாமே மேகசின் என்று ஒரு பகுதி, ஆயிரக்கணக்கான சின்ன வண்டிப் பட்டறைகளும் இரும்பு வேலைக்கடைகளும் ஒரே இடத்தில். அங்கே உள்ள பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப ஆலோசனை மையம், பட்டறைக்காரர்கள் கேம்பஸுக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், 1980-ல் அந்தப் பட்டறைகளுக்கு நடுவிலேயே ஒரு தொழில்நுட்பப் பிரிவைத் திறந்தது. 1987-ல் அரசு அதை மற்ற பகுதிகளுக்கும் விரிக்க ஆரம்பித்தது. ஜெர்மனியில் சின்னப் பட்டறையில் தொழில் பழகும் பையனுக்கு அந்தப் பட்டறையில் இல்லாததைக் கற்றுக்கொடுக்க, கைவினைத் தொழில் சபைகளின் பொதுப் பயிற்சிக் கூடங்கள் இருக்கின்றன. பட்டறை சின்னதாகவே இருக்கலாம், பையன் கற்றுக்கொள்வது குறையக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இந்த இரண்டு யோசனையும் ரொம்பப் பிடித்தவை. நடுவில் வந்து உட்காருங்கள் என்பதுதான் நானும் கேட்பது. மையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் பெரிய கட்டடமாகக் கட்டினால் ஓடாத வண்டியை அவ்வளவு தூரம் யார் இழுத்துக்கொண்டு போவது?

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று, அதற்கு மட்டும் காத்திருக்க நேரம் இல்லை. மின்சாரக் கார், ஹைப்ரிட் கார். ஆரஞ்சு நிற வயர் என்றால் தொடாதே என்று பையன்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். 12 வோல்ட்டில் பழகின கை அது, பேட்டரி டெர்மினலை விரலால் தொட்டுப் பார்க்கிற கை. இந்த வண்டிகளில் 400 வோல்ட், சிலவற்றில் 800, அதுவும் டிசி. சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும் கெப்பாசிட்டரில் இருப்பது இறங்கச் சில நிமிடம் ஆகும். பிடுங்கி, பூட்டுப் போட்டு, காத்திருந்து, மீட்டரை முதலில் மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, அப்புறம் வண்டியில் வைத்துப் பார்த்து, மறுபடி மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். 1,000 வோல்ட்டுக்குச் சோதித்த கையுறை வேண்டும், அதையும் ஒவ்வொரு தடவையும் காற்று அடைத்து ஓட்டை பார்க்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்கள் எங்களில் மிகக் குறைவு. தெரியாதவர்கள் திருப்பி அனுப்புகிறோம், அது நல்லது. ஆனால் வண்டி வயதாகி, வாரன்டி முடிந்து, கையில் காசு இல்லாதவர் ஒருவர் கெஞ்சும்போது யாரோ ஒருவர் ஒரு நாள் 'பார்த்துவிடலாம்' என்று மூடியைத் திறப்பார். எனக்குத் தூக்கம் கெடுவது அதை நினைத்துத்தான். ஜெர்மனியில் உயர் மின்னழுத்த வேலைக்குப் படிப்படியாகத் தகுதி நிலைகள் வைத்து, எந்த நிலையில் இருப்பவர் எதைத் தொடலாம் என்று பிரித்திருக்கிறார்கள். அந்த மாதிரி முதல் நிலைப் பாடம், எதைத் தொடக் கூடாது என்ற ஒரே ஒரு நாள் பாடம், எல்லா மெக்கானிக்குக்கும் கூலியோடு உடனே கொடுக்க வேண்டும். கையுறைக்கு மானியம் கொடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டோம்.

ஏசி வேலையும் கிட்டத்தட்ட இந்தக் கதைதான், ஆனால் இங்கே ஆபத்து வேறு மாதிரி. கார் ஏசியில் அடைக்கிற ஆர்-134ஏ வாயு கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் விற்கும் புதுக் கார்களில் அதற்கு இடமில்லை, அங்கே பெரும்பாலும் ஆர்-1234ஒய்எஃப் என்ற வேறு வாயுதான். அது லேசாகத் தீப்பிடிக்கும், அதற்குத் தனி மெஷின். அமெரிக்காவில் கூலிக்கு கார் ஏசி வேலை செய்கிறவர் சான்று வாங்கியிருக்க வேண்டும், வாயுவைத் திரும்பப் பிடிக்கிற மெஷின் வைத்திருக்க வேண்டும். எத்தனை பட்டறையில் ஹோஸைத் திறந்து 'உஸ்' என்று விட்டுவிடுகிறோம் என்று எனக்குத் தெரியும், நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன், தப்பு என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பெயிண்ட் அடிக்கிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நெஞ்சில் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், வந்தால் அந்தத் தொழிலையே விட வேண்டியதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல் பயிற்சி இல்லாமல் அதை எடுத்து அடிக்கக் கூடாது. இங்கே எத்தனையோ பேர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். காற்று ஊட்டுகிற முகமூடி ஒன்றுக்கு உதவி செய்வதுதான் முதல் நவீனம் என்பேன், பளபளக்கும் பெயின்ட் பூத் எல்லாம் அதற்கப்புறம். பழைய எண்ணெயும் அப்படியே. ஒரே ஒரு ஆயில் சேஞ்சில் வடித்த எண்ணெய் பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. ஊற்றி வைக்க நல்ல பேரலும் வாரம் ஒரு தடவை வந்து எடுத்துப்போக வண்டியும் இருந்தால் எந்தப் பட்டறைக்காரனும் சாக்கடையில் ஊற்ற மாட்டான்.

கடன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த இடப் பத்திரம் கேட்கிறார்கள், வாடகை இடத்தில் இருப்பவனுக்கு அது எங்கே இருக்கும்? மூன்று வருட வரவு செலவுக் கணக்கு கேட்கிறார்கள். அதைக் கேட்பது சரிதான், பில் போடாமல் வேலை செய்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது, அதை விட்டே ஆக வேண்டும். ஆனால் முதலில் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, ஒரு வருடம் பொறுத்து, அதற்கப்புறம் கேளுங்கள். சான்றிதழும் அப்படித்தான். 20 வருடம் வேலை செய்தவனைப் பள்ளிக்கூடச் சான்றிதழ் கேட்டு வாசலிலேயே நிறுத்தாதீர்கள். ஒரு வண்டியை நிறுத்தி, கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள், கண்டுபிடித்தால் சான்று கொடுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு சின்னப் பட்டறையை ஏன் காப்பாற்ற வேண்டும், பெரிய சர்வீஸ் சென்டர்கள்தான் இருக்கின்றனவே என்று படித்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ரோட்டில் ஓடும் கார்களின் சராசரி வயது 12 வருடத்தைத் தாண்டிவிட்டது. வாரன்டி எத்தனை வருடம்? பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து, சிலவற்றுக்கு ஏழு. மிச்சக் காலம் அந்த வண்டி யாரிடம் வரும்? எங்களிடம்தான். அந்த வண்டியின் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் யார் கையில் இருக்கிறதோ அந்தக் கைக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமா வேண்டாமா? எதிரே வருகிற வண்டியின் பிரேக்கை நம்பித்தான் எல்லோரும் ரோட்டில் போகிறோம். பெரிய சென்டரில் ஒரு மோட்டாரையே மொத்தமாக மாற்றுவார்கள், நாங்கள் அதைத் திறந்து கார்பன் பிரஷ் மட்டும் மாற்றுவோம். பழுதுபார்க்கிற திறமை என்பது அதுதான், அது இல்லாமல் போனால் வண்டி வைத்திருக்கிற சாதாரண ஆள் வண்டி வைத்திருக்க முடியாது.

இதற்கெல்லாம் சங்கத்திலும் பேசியிருக்கிறோம், மனுவும் கொடுத்திருக்கிறோம். வந்த பதில் ஒரு விண்ணப்பப் படிவம். முதல் கேள்வியே 'என்ன இயந்திரம் வாங்க விரும்புகிறீர்கள்', அதற்குக் கீழே விலைப்பட்டியல் இணைக்க ஒரு இடம். அந்தக் கேள்வியைக் கேட்டால் நாங்களும் ஏதோ ஒரு மெஷின் பெயரைத்தான் எழுதுவோம், வேறு என்ன எழுத முடியும். அடுத்த தடவை படிவம் அச்சடிக்கும்போது அந்தக் கேள்வியை இரண்டாவதாகத் தள்ளிவிட்டு, முதலில் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் எந்தெந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினீர்கள், ஏன்? நான் என் நோட்டைப் பக்கம் பக்கமாக நகல் எடுத்து இணைக்கத் தயாராக இருக்கிறேன். மற்ற பட்டறைக்காரர்களும் இன்றைக்கே ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பித்துவிட்டால் படிவம் வரும்போது கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கார் பட்டறைக்காரர்